நிறம் கேட்டவள்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டயர் கடைக்கும் நம்பர் கடைக்கும் நடுவில்
நூறு இழுப்பறை வைத்த மருந்துக்கடை.
சம்பள சனிக்கிழமை.
உதிரி பொறுக்கிய சட்டையோடே போனேன்.
வீட்டுக்குப் போய் மாற்றினால்
வராமலே இருந்துவிடுவேன்.

கல்லாவில் இருந்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
சுவீ லெங். அப்பாவின் நாற்காலி,
அதில் அவள் கால் தரையைத் தொடவில்லை.
கைக்குட்டை அளவு தலையணையில்
மணிக்கட்டை வைக்கச் சொன்னாள்.
மூன்று விரல்.
எங்கள் பக்கமும் மூன்று விரல்தான், வாதம் பித்தம் கபம்.
ஆனால் அப்படிப் பிடித்தவர் யாரும்
இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

பாதி மலாய், பாதி கை.
மலாயில் இதற்கு, நிலா வருகிறது.
அவள் வீட்டில், பெரியம்மா வந்திருக்கிறாள்.
சிரித்தாள். உங்கள் வீட்டில்?
தூரம், என்றேன்.
ஜாவ்?
ஜாவ்தான்.
ஒருத்திக்கு நிலா வருகிறது, ஒருத்திக்குப் பெரியம்மா.
எங்களில் மட்டும் ஒன்றும் வருவதில்லை,
நான்தான் போகிறேன்.

எத்தனை நாள்.
வலி முன்னாலா, பிறகா.
சுடுதண்ணி போத்தல் வைத்தால் அடங்குமா.
என்ன நிறம்?

இருபத்தாறு வருடம்.
தோட்டத்து டிரெஸர் கேட்கவில்லை, பனடோல் தந்தார்.
கட்டியவன் கேட்கவில்லை.
நானே பார்த்தது
காகிதத்தில் சுருட்டும் நேரம் மட்டும்.

எனக்குத் தெரிந்த மலாய் நிறங்கள் ஐந்து,
ஒன்றும் ஒட்டவில்லை.
சட்டைப்பையில் கை விட்டேன்,
காலையில் தப்பிய செம்பனைப் பழம் ஒன்று.
தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
முதல் நாள் இந்தக் கறுத்த நுனி.
இந்தச் சிவப்பு, மூன்றாம் நாள்தான்.
நகத்தால் கோடு போட்டுக் காட்டினேன்.
எண்ணெய் கசிந்தது.
அவள் முகம் சுளிக்கவில்லை,
பழத்தை எடுத்து
டியூப் லைட்டுக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

செஜோக், என்றாள். குளிர்.
உள்ளே குளிர் உட்கார்ந்துகொண்டு
ரத்தத்தை நகரவிடாமல் வைத்திருக்கிறதாம்.

எனக்குச் சொன்னதெல்லாம் சூடு.
வெந்தயம், மோர், இளநீர், உச்சியில் விளக்கெண்ணெய்.
இருபத்தாறு வருடமாக நெருப்பை அணைத்துக்கொண்டிருந்தேன்,
எரிந்ததே இல்லையா?
யார் சொல்வது சரி, அவளையே கேட்டேன்.
தோளைக் குலுக்கினாள்.
இது அப்பா படித்த புத்தகம், நானும் படித்தேன்.
ஐம்பது காசு ஒன்றை எடுத்து வைத்தாள்:
கட்டி இந்த அளவு வந்தால்
கோலப்பிலா ஆஸ்பத்திரிக்குப் போ, ஸ்கேன் எடு.
வேருக்குக் கண் கிடையாது.

பிறகு இழுப்பறைகள்.
சீவிய தாங் குய், ஏதோ பட்டை, சிவந்த வற்றல் பழம்,
மூன்று பொட்டலம்.
ஐஸ் கச்சாங் கூடாது.
மருந்து விலையில் நான் பேரம் பேசவில்லை,
ஐஸில் பேசினேன்.
பாதிக் கிண்ணம், அதுவும் தூரம் இல்லாத வாரத்தில்.

மூன்று கிண்ணத் தண்ணீர் ஒரு கிண்ணமாக வற்றும்வரை
அடுப்படியில் நின்றேன்.
நனைந்த மரக்கட்டில் வாடை.
என்ன இது, யாருக்கு, என்றார் கூடத்திலிருந்து.
எனக்கு.
டிவி சத்தம் கொஞ்சம் குறைந்தது,
பிறகு கூடியது.

அடுத்த மாதம் போனபோது மழை.
கணக்கு நோட்டைப் புரட்டினாள்.
தமயந்தியை எந்த எழுத்தில் அடக்கினாளோ,
எனக்கு அது கம்பி வேலி.
பக்கத்தில் பென்சிலில் ஒரு பழம்,
நுனி முழுக்கக் கறுப்பு.

அதற்குக் கீழே இன்னொரு பழம் வரைந்தாள், வெறுமையாக.
பென்சிலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்,
எதுவரை?

யோசித்தேன்.
இந்த முறை நான் பார்த்திருந்தேன்.
பாதி, என்றேன்.
இல்லை, கொடு,
நானே போடுகிறேன்.