வலது முன்சக்கரம்

வண்டி அழுகிறது என்றாள் புஷ்பராணி,
காட்டேரி ஏற்றத்தில், மூன்றாவது கியரில்.
கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன்,
பாட்டை நிறுத்தினேன்.
எனக்கு ஒன்றுமில்லை.

கொசு மாதிரி, என்றாள் டிலானி.
இல்ல, பல் டாக்டர் மிஷின், என்றான் சுதன்.
குக்கர் விசிலடிக்க நினைச்சு
அடிக்காம இழுக்குமே அது, என்றாள் இவள்.
தலையாட்டினேன்.
நான்கு பேர் போகும் வண்டியில்
மூன்று பேருக்குக் கேட்கும் சத்தம்.

பத்தொன்பது வருஷம்
சி.டி.சி. உருளைகளுக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.
கொழுந்தை அரைத்த பற்கள்
அப்படியே என் காதின் மேல்வரிசையையும் அரைத்துவிட்டன.
ஃபேக்டரியில் கொடுத்த காதடைப்பான்
சட்டைப்பையிலேயே கிடந்து
பீடித்தூள் ஒட்டி மஞ்சளானது.
வீட்டில் சொன்னதில்லை.
குருவி எப்படிக் கத்துது பாருங்க என்பாள் காலையில்.
ஆமாம் என்பேன்.

டயராக இருக்கும் என்று
முன்னதைப் பின்னதோடு மாற்றினேன்.
போகவில்லையாம்.
பெல்ட்டாக இருக்கும் என்று
இறக்கத்தில் நியூட்ரலில் விட்டேன்.
இஞ்சின் அடங்கியும் அது அடங்கவில்லையாம்.
சரி, உருள்கிற எதிலோதான்.
அதுவரைக்கும் புத்தி போதும்.
நான்கில் எது என்று சொல்ல
காது வேண்டும்.

கொழுந்தியாள் வீட்டுச் சடங்குக்கு
மேட்டுப்பாளையம் இறங்கினோம்.
முதல் கொண்டை ஊசியில்
கண்ணாடிக்குள் டிலானியின் நெற்றி சுருங்கியது.
அடுத்ததில் விரிந்தது.
அதற்கடுத்ததில் மறுபடி சுருக்கம்,
இந்த முறை ஒரு கண்ணும் சேர்ந்து.
இடப்பக்கம் ஒடித்தால் வலிக்கிற முகம்.
வலப்பக்கம் ஒடித்தால்
குரங்குக்குக் கை காட்டுகிற முகம்.
ரோட்டைப் பாருங்க என்றாள் இவள்.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்,
அது கேட்டது.

பர்லியாறு வருவதற்குள் கணக்கு முடிந்தது.
இடம் திரும்பினால் கனம் வலம் சாயும்.
கனம் ஏறினதும் அழுகிறதென்றால்
அந்தப் பக்கம்தான் புண்.
வலது பக்கம்.
செருப்பைக் கழற்றிவிட்டு
வெறுங்காலைத் தரையில் வைத்து ஓட்டினேன்.
குதிகாலில் ஒரு பொடி நடுக்கம்.
முன்சக்கரம். எனக்கு நேர் கீழே.
இத்தனை நாளும் அதன் மேலேயே
உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டுத் தூக்கினேன்.
ஒரு கை ஸ்பிரிங்கின் மேல்,
மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினேன்.
களைகிற அரிசியில் மணல் கிடந்தால்
விரலுக்குத் தெரியுமே,
அப்படி நெறுநெறுவென்று ஏறி வந்தது.
இடது சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன்.
எண்ணெய் தடவின தலை மாதிரி இருந்தது.

பெட்ஃபோர்டு பக்கம் ஜெயசீலன் பட்டறை.
நக்கிளைக் கழற்றி பிரஸ்ஸில் வைத்து அழுத்தினான்.
பேரிங் விட்டுக்கொடுத்தபோது ணங்கென்றது,
நெஞ்சிலேயே கேட்டது.
பழசை என் கையில் போட்டு
காதுல வெச்சு சுத்திப் பாருங்கண்ணே என்றான்.
வைத்தேன், சுற்றினேன்,
சுத்தமாப் போயிருச்சுப்பா என்றேன்.
பேரிங் எழுநூற்று நாற்பது, கூலி அறுநூறு.
நாற்பதைத் திருப்பிக் கொடுத்தான்.

சாயங்காலம் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு
லாம்ஸ் ராக் ரோட்டில் ஒரு சுற்று.
தேயிலைக்கு மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.
யாரும் பேசவில்லை.
எனக்கு நேற்றும் இப்படித்தான் இருந்தது.
கண்ணாடியில் பார்த்தேன்.
டிலானி தூங்கிவிட்டிருந்தாள்,
நெற்றி முழுக்க முடி.

நின்னுருச்சா, என்று கேட்டுவிட்டேன்.

புஷ்பராணி திரும்பி
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
முன்னாடி உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு,
சொல்லுங்க, என்றாள்.

சமமான ரோட்டில்
மூன்றிலிருந்து இரண்டுக்கு
கியரை மாற்றினேன்.