பதிவேட்டில் ஓர் எழுத்து

எங்கள் மில்லின் விரல் மெஷினுக்கு
மூன்று வாக்கியம்தான் தெரியும்.
நன்றி. தாமதம்.
அன்றைக்கு எட்டேகாலுக்கு
தீர்த்தகிரியிடம் அது சொன்னது மூன்றாவது:
விரல் தெரியவில்லை.

கையைக் கழுவிட்டு வாங்க என்றேன்.
கழுவிட்டுத்தான் வர்றேன் மேடம்.
நகக்கண்ணில் இன்னும் இருந்தது
டீசலும், மற்றதும்.

தொப்பூர் இறக்கத்தில்
இரட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே
ஆப்பிள் லாரி.
டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டிருக்கிறான்,
வண்டி மிச்சமாகவில்லை.
எதிர்ப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தது
ஆறு மணி ஷிப்டுக்கு வரும் எங்கள் பஸ்.
நின்றது, நாலு நிமிஷம்.
தீர்த்தகிரி இறங்கினார்.
வேறு சிலரும் இறங்கினார்கள்.
அவர்கள் திரும்ப ஏறிக்கொண்டார்கள்.

ஆம்புலன்ஸ் நெரிசலுக்குப் பின்னால் அலறிக்கொண்டிருக்க
கிளீனர் பையனின் தலையை
அசையவிடாமல்
இரண்டு உள்ளங்கைக்கு நடுவே
நாற்பது நிமிஷம் பிடித்திருந்தாராம்.
"பேசிக்கிட்டே இருக்கணும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க.
எனக்கு இந்தி வராது.
ரிங் ஃபிரேம்ல நூல் அறுந்தா எப்படி முடியறதுன்னு
அவன்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அந்த ட்ரெய்னிங் பன்னிரண்டு நாள்,
கலெக்டர் ஆபீசில்.
ஆரஞ்சு ஜாக்கெட், ஒரு கயிறு, ஒரு விசில், ஓர் அட்டை.
பன்னிரண்டு நாளும் சம்பளம் பிடித்தோம்.
பிடித்தோம் என்றால், நான்தான்.
பாதுகாப்பு வாரத்தில்
அந்த ஜாக்கெட்டோடு அவரை நிற்கவைத்து
படம் எடுத்து கேட் பலகையில் ஒட்டியதும் நாங்கள்தான்.

இது மூன்றாவது தடவை.
வருகைப் படி போச்சு.
"தாங்கள் முன்னனுமதியின்றி" என்று தொடங்கும் மெமோவை
மேனேஜர் சொல்லச் சொல்ல
டைப் அடித்தேன்.
முன்னனுமதி என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன்.
லாரி யாரிடம் வாங்கியிருக்கும்?
ஒற்றா இரட்டையா என்று யோசிக்கிறாயா என்றார்.
ஆமாம் சார் என்றேன்.

நிலையாணைப் புத்தகத்தை மதியம் எடுத்துப் பார்த்தேன்,
பச்சை அட்டை, பூச்சி அரித்தது.
ஓட்டுப் போட லீவு உண்டு.
பிரசவத்துக்கு உண்டு.
அம்மைக்கு உண்டு, டாக்டர் சீட்டு வேண்டும்.
அடிபட்டவனைத் தூக்கியவனைப்
போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்று
சட்டம் வந்துவிட்டதாக என் தம்பி சொன்னான்.
மில்லைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்றேன்.
செல்போனைத் தடவினான், ரொம்ப நேரம்.
அப்புறம் சாப்பிடப் போய்விட்டான்.

கேண்டீனில் மூன்று பேர்
தயிர்ச்சோற்றுக்குப் பின்
ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்கள்.
நல்ல சிவப்பு.
மூவரும் ஐந்து ஐம்பத்தைந்துக்கே
விரல் வைத்தவர்கள். பச்சை விளக்கு, நன்றி.
எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள்.
வாங்கிக்கொண்டேன்.
இனிப்பாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

மெமோவுக்குப் பதில் அவரே எழுதி வந்தார்,
மகனின் கோடு போட்ட நோட்டில்:
"ஐயா, தாமதம் உண்மை.
இனி இப்படி நடக்காது என்று
நான் எழுத முடியாது, ரோடு என் கையில் இல்லை.
வேலையை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.
பையன் பிழைத்துக்கொண்டானாம்.
இப்படிக்கு."
மேனேஜர் படித்தார்.
இரண்டாவது வரியைச் சிவப்பில் வட்டம் போட்டு
ஃபைலில் வை என்றார்.

கம்ப்யூட்டரில் எழுத்துகள் எண்ணி வைத்தவை.
வந்தால் ஒன்று, வராவிட்டால் ஒன்று,
லீவுக்கு இரண்டு, வேறெதுவும் ஏற்காது.
ஆனால் ஆடிட்டுக்காக
காகிதத்திலும் ஒரு பதிவேடு உண்டு,
அது என் கையெழுத்து.

தீர்த்தகிரி, டோக்கன் நம்பர் இருநூற்றுப் பதினேழு,
அன்றைய கட்டத்தில்
'தொ' என்று எழுதினேன்.
முன்பு இரண்டு நாள் இருந்தது,
தேடிப்போய் அங்கும் எழுதினேன், பழைய மசியோடு ஒட்டவில்லை.
பக்கத்தின் அடியில், எழுத்து விளக்கம் இருக்குமிடத்தில்,
தொ: வேலையில் இருந்தார்.

எந்த வேலை என்று கேட்கலாம்.
ஆடிட்டர் ஆவணியில் வருவார்.
அதற்குள் இந்தப் பக்கத்துக்கு
இன்னும் எத்தனை தேவைப்படுமோ,
இன்று காலைகூட
பஸ் வந்தது,
ஓர் இருக்கை காலி.