செம்பு இல்லை

இரவு இரண்டு பத்துக்கு
சாந்தியாகோவில் என் திரையில்
பச்சைக் கோடொன்று சிவந்தது.
மேசையில் பாதி தின்ற எம்பனாதா.
வடக்கே வெகுதூரத்தில், அடகாமா பாலையில்
ஏதோ அறுந்திருக்கிறது.

எங்கே என்று கேட்க
ஒளியையே அனுப்புவோம்.
ஒரு துடிப்பு. போய் முட்டித் திரும்பும்.
போய்வந்த நேரத்தைப் பாதியாக்கிக் கணக்கிட்டால்
காயம் எங்கே என்று தெரிந்துவிடும்.
மலையடி நிலையத்திலிருந்து
நாற்பத்தொரு கிலோமீட்டர், முன்னூறு மீட்டர்.

யெசேனியா கோல்கேயை எழுப்பினேன்.
அவள் ஹலோ சொல்வதில்லை.
"எத்தனையாவது கிலோமீட்டர்?" என்பாள்.

மலைமேல் தொலைநோக்கி கண்மூடவில்லை.
மேகமில்லாத இரவு. யாரோ கேபிளை வெட்டியதற்காக
விண்மீன்கள் காத்திருக்குமா?
நிமிடத்துக்கொரு படம்,
இறங்க வழியின்றி வட்டுகளில் குவிந்தது.
மாற்றுவழி உண்டு, பழைய நுண்ணலைக் கோபுரம்.
அண்டாவைக் கவிழ்த்து
ஊசிக் காதில் ஊற்றுகிற வேலை.

குரோனிங்கனில் வீப்கே ஹூக்ஸ்ட்ரா,
முனைவர் பட்டத்தின் கடைசி வருடம்.
வெடித்த விண்மீன் ஒன்றின் மங்கலை
ஐந்து நாளாகத் தொடர்கிறாள்.
பத்து நிமிடத்துக்கொரு முறை எழுதினாள்:
"வந்துவிட்டதா?"
கடைசிப் பேருந்தில் வரவேண்டிய தம்பியை
விசாரிப்பது போல.

என்ன பதில் எழுத?
நாலு கோடி வருடம் நடந்து வந்த ஒளி
கடைசி முழத்தில்
ஒரு ரம்பத்திடம் மாட்டிக்கொண்டது என்றா?
எழுதி, அழித்து,
"பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று அனுப்பினேன்.

நாலரைக்கு அழைத்தாள் யெசேனியா.
பின்னால் காற்று, ஜெனரேட்டர்.
"செம்புத் திருடர்கள்.
குழாயை உடைத்து இருபது மீட்டர் இழுத்து
உரித்துப் பார்த்திருக்கிறார்கள்."
செம்பு விற்றுப் பிழைக்கும் நாடு இது.
எடைக்குக் காசு தர ஊருக்கொரு கடை.
உரித்தவர்களுக்குக் கிடைத்ததோ
நாற்பத்தெட்டு கண்ணாடி மயிர்கள்;
மொத்தமாக வைத்தாலும் தராசுமுள் அசையாது.
அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்,
ஒரு கையுறையையும்.

வண்டிக்குள் உட்கார்ந்தாள்.
தூசி ஆகாது; சன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி.
இழையை உரித்து, துடைத்து, நறுக்கி,
எதிரிழையோடு முகத்துக்கு முகம் வைத்து
ஒரு மின்பொறி.
ஒன்று முடிந்தது.
நடுவில் புதுத்துண்டு என்பதால்
முனைகள் இரண்டு. ஆகத் தொண்ணூற்றாறு.

விதிப்படி சுரங்கக் கம்பெனி முதலில்,
பிறகு தொலைபேசிக்காரர்கள்,
பல்கலைக்கழகங்கள் கடைசி.
எங்களுடையவை நீலமும் ஆரஞ்சும்.
அவற்றைத்தான் முதலில் எடுத்தாள்.
ஏனென்று நான் கேட்கவில்லை.
அவளும், வரிசையில் அதுதானே முதல் நிறம்
என்று சொல்லவில்லை.

ஆறு பதினேழுக்குக் கோடு பச்சையானது.
குவிந்ததெல்லாம் இறங்கியது,
அணை திறந்தாலும் சத்தமில்லை.
பாலை தாண்டி, கடலடி தாண்டி, குரோனிங்கன்வரை.
வீப்கே எழுதுவதை நிறுத்தினாள்.
வந்து சேர்ந்ததை அப்படித்தான் அறிந்தேன்.

மதியம் யெசேனியா ஒரு படம் அனுப்பினாள்.
நாற்பத்தொன்றாம் கம்பத்தில் அந்தக் கையுறை,
அதற்குள் ஒட்டுநாடாச் சுருள்,
அட்டையில் அவள் கையெழுத்து:

இது செம்பு இல்லை. கண்ணாடி.
குத்தியது கண்ணுக்குத் தெரியாது.
தேய்க்காதே. கண்ணில் கைவைக்காதே.
நாடாவை அழுத்தி ஒட்டி, மெல்ல உரி.

"அலுவலகத்துக்குத் தெரிந்தால்?" என்றேன்.
"ஒன்பது வருடமாக
என் கட்டைவிரலில் ஒன்று இருக்கிறது" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அந்த வழியாகப் போனாளாம்.
கையுறையைக் காணோம்.
நாடா அங்கேயே இருந்தது,
கொஞ்சம் மெலிந்து.