இருபத்தைந்தாம் நாள் குறித்த விசாரணை

ஸ்காட்லாந்து, ஃபைஃப் கடற்கரை, 1649

சபையின் எழுத்தன் நான், நினியன் பெத்யூன்.
கேள்வியை எழுதுவேன், பதிலை எழுதுவேன்,
நடுவில் யாராவது இருமினால் எழுத மாட்டேன்.

அந்த ஜனவரியில் மை உறைந்துவிட்டது.
குப்பியை அக்குளில் இடுக்கி இளக்கிக்கொண்டிருந்தபோது
மருத்துவச்சி கிரிசல் மான்கர் உள்ளே வந்தாள்,
காலணியில் உப்புக் கொட்டகைச் சேறு.

குற்றம் இது:
டிசம்பர் இருபத்தைந்தன்று அவள் ராட்டை சுற்றவில்லை.
அவள் வீட்டில் அப்பம் வெந்த மணம்.
சாட்சி, அடுத்த வீட்டு மூக்கு.

"அது என்ன நாள்?" என்றார் போதகர்.
அவள் வாய் திறக்கவில்லை.
பொறி அது, எனக்குத் தெரியும்.
பெயரைச் சொன்னால் கொண்டாடினாள் என்று ஆகும்.
போதகரும் சொல்லவில்லை, மூப்பர் ஐவரும் சொல்லவில்லை;
அம்மை போட்ட வீட்டைக் கடக்கிறவர்கள்போல்
அந்தப் பெயரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

முற்பாதியில் குற்றமில்லை. அது கிறிஸ்து.
ஞாயிறு தவறாமல் நாங்கள் கூப்பிடுகிற பெயர்.
வால்தான் பாவம்: மாஸ். பூசை.
மெழுகுவர்த்தி, மணி, ரோமாபுரி.
தலையை வணங்கி வாலை மிதிக்கச் சொல்கிறது சட்டம்,
உடம்பு ஒன்றுதான் என்றாலும்.
வேதத்தில் தேதி இல்லை என்பார் போதகர்.
உண்மை. நானும் தேடியிருக்கிறேன்.
மேய்ப்பர் உண்டு, முன்னணை உண்டு,
சுற்றிய துணிகூட உண்டு.

கிரிசல் பேசினாள்:
"அன்றிரவு உப்புக் காய்ச்சும் கொட்டகையில் இருந்தேன்.
யூஃபம் லம்ஸ்டேனுக்குத் தலைப்பிரசவம்.
வீட்டில் விறகில்லை.
ஊரில் அணையாத நெருப்பு கொப்பரை அடுப்பு ஒன்றுதான்.
பிள்ளை கால் முதலில் வந்தான்.
கழுத்தில் கொடி இரண்டு சுற்று.
நீலமாய் இருந்தான்."

"அப்போது என்ன ஜெபம் சொன்னாய்? பழைய ஜெபமா?"

"ஒன்றும் சொல்லவில்லை, ஐயா.
என் வாய் அவன் வாயில் இருந்தது."

"அப்பம்?"

"தாய்க்கு. பெற்றவளுக்குப் பசிக்கும்,
எந்தத் தேதியில் பெற்றாலும்."

ஒரு மூப்பர் இருமினார்.

அவள் போயிருக்கலாம். போகவில்லை.
"வார்த்தை மாம்சமானார் என்று பிரசங்கம் செய்கிறீர்கள்.
மாம்சம் ஆவது எப்படி என்று
முப்பது வருடமாகப் பார்க்கிறேன், ஐயா.
வழுக்கும்.
ரத்தமும் மலமுமாய் வரும்.
யாரோ ஒருத்தி முழங்கால் போட்டுக் கை நீட்டி ஏந்த வேண்டும்.
பெத்லகேமிலும் ஒருத்தி ஏந்தியிருப்பாள்.
வேதத்தில் அவளுக்குப் பெயரில்லை.
ஆனால் அன்று அவளும்
ராட்டை சுற்றியிருக்க மாட்டாள்."

என் இறகுப்பேனா நின்றது.
ஜன்னலுக்கு வெளியே கடல்
யார் பக்கமும் சாராமல் அடித்துக்கொண்டிருந்தது.
போதகர் வெகுநேரம் தன் கைகளையே பார்த்தார்.
மென்மையான கைகள்.
அவருக்கும் நான்கு பிள்ளைகள்; நால்வரையும் ஏந்தியவள் கிரிசல்.

"போகலாம்," என்றார்.

எனக்குக் கொஞ்சம் லத்தீன் உண்டு, அதுதான் வினை.
பழைய பூசை முடியும்போது குரு சொல்வாராம், மிஸ்ஸா:
அனுப்பியாயிற்று, போய் வாருங்கள்.
வாசலை நோக்கிச் சொன்ன அந்தக் கடைசிச் சொல்தான்
முழுப் பூசைக்கும் பெயராகி,
மாஸ் என்று தேய்ந்து,
கிறிஸ்துவோடு ஒட்டிக்கொண்டு,
நாங்கள் நாவில் ஏற்ற அஞ்சும் வாலாகிக் கிடக்கிறது.
போதகர் அறியாமல் அதைச் சொல்லிவிட்டார்.
சபைக் கட்டிடத்துக்குள். சத்தமாக.

அதை நான் ஏட்டில் ஏற்றவில்லை. எழுதியது இவ்வளவே:
கிரிசல் மான்கர், மருத்துவச்சி,
மேற்படி நாள் குறித்து எச்சரித்து விடப்பட்டாள்.

வெளியே ஒரு பையன் லாந்தரோடு நின்றான்.
அவன் அக்காளுக்கு நீர்க்குடம் உடைந்துவிட்டதாம்.
கிரிசல் சால்வையை இறுக்கிக்கொண்டு
அவனுக்கு முன்னால் நடந்தாள், பனியில், வேகமாக.

குப்பியைப் பார்த்தேன்.
மறுபடியும் உறைந்திருந்தது.