காற்றுத்துளை

பங்கு பிரித்தபோது
அவனுக்குக் கார், எனக்குப் படகு.
வக்கீல் ஆபீஸ் படியிறங்குகையில் சொன்னான்:
"உன் கைக்கு அது ஸ்டார்ட் ஆகாது."

யமஹா, பதினைந்து குதிரைச் சக்தி,
எண்பத்தொன்பதில் செய்தது.
மேல்மூடியின் நீலம் வெளுத்து
காக்கை எச்சத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது.

பத்து மாவுங் ஜெட்டி, சனிக்கிழமை, காலை ஏழரை.
தண்ணீர் இன்னும் படியை நக்கிக்கொண்டிருந்தது.
இரண்டாம் பாலம் மூட்டத்துக்குள் பாதி தூரம் போய்
மனம் மாறியதுபோல் நின்றது.

ரப்பர்ப் பந்தை ஏழெட்டு முறை அமுக்கினேன்.
கியர் நடுவில். சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப்
அதன் இடத்தில்.
சோக்கை இழுத்து, கயிற்றை இழுத்தேன்,
பதினொரு தடவை.
பன்னிரண்டாவதில் தோள்பட்டை பேசியது,
எஞ்சின் பேசவில்லை.

பக்கத்துப் படகில் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்த ரொஸ்லான்
தலை நிமிராமல், "சுடா மாத்தி, காக்" என்றார்.
செத்துப்போச்சு, அக்கா.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினாறு வருஷம்.
ஓடாத சர்க்யூட் பலகைகளை வாங்கி வைத்து
ஏன் என்று கேட்பதுதான் என் வேலை.
செத்தது என்று சீட்டு ஒட்டி வருபவற்றில்
பாதிக்கு மேல் சாகவில்லை.

பிளக்கைக் கழற்றினேன்.
காய்ந்து கிடந்தது, பெட்ரோல் வாடைகூட இல்லை.
எஞ்சின் உடம்பில் சாய்த்துவைத்து
உள்ளங்கையால் நிழல் கட்டிக் கயிற்றை இழுத்தால்
டிக். நீலப் பொறி.
நெருப்பு இருக்கிறது. சோறுதான் வரவில்லை.

கார்புரேட்டர்க் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தினேன்,
சிந்துமே என்று துணி பிடித்தபடி.
துணி துணியாகவே இருந்தது.

தொட்டியை ஆட்டினால் தளும்பக்கூட இடமில்லை.
நேற்றுதான் கழுத்துவரை நிரப்பினேன்,
எண்ணெய் ஐம்பதுக்கு ஒன்று,
ரசீது இன்னும் பையில்.
இருக்கிறது. இருந்தும் வரவில்லை.
இந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது.

மறுபடி பந்தை அமுக்கினேன். அமுங்கியது.
விட்டேன். எழவில்லை.
பட்டினி கிடந்த கன்னம்போல ஒட்டிக் கிடந்தது.
காலையிலேயே ஒட்டித்தான் கிடந்திருக்கும்,
நான் பார்க்கவில்லை, அவசரம்.

தொட்டி மூடியின் காற்றுத்திருகு திறந்துதான் இருந்தது,
நானே திறந்தேன், சத்தியமாக.
ஆனால் துளைக்குள் மண்.
மஞ்சள் மண், அரிசிமணி அளவு,
எச்சில் குழைத்துப் பூசி மெழுகிய வேலை.
குளவி.

எட்டு மாதம் கேஸ் நடந்தது, படகைத் தொட ஆளில்லை.
வீடு காலி என்று யாரோ குடிவந்திருக்கிறாள்.

மூடியை ஒரு சுற்று திருப்பினேன்.
உஸ்ஸ்ஸ்.
பந்து மெல்ல, கூச்சப்பட்டதுபோல்,
வட்டமானது.

மூடியைக் கழற்றி ஊக்கால் குத்தினேன்.
மண்ணோடு உதிர்ந்தது
காய்ந்த சிலந்திக் கால் ஒன்று.

பந்து கல்லாகும்வரை அமுக்கி
இரண்டாம் இழுப்பில் உறுமியது.
புகை. கொக்கொன்று திட்டிக்கொண்டே பறந்தது.
ரொஸ்லான் தலையைத் தூக்கினார்.

நான் கீழே பார்த்தேன்.
தண்ணீர் இல்லை.
மணி பத்தேமுக்கால், கடல் எப்போதோ போய்விட்டது.
படகு சேற்றில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.
நீரில்லாமல் ஓடவிட்டால்
உள்ளேயிருக்கும் ரப்பர்ச் சக்கரம் வெந்துவிடும்.
எண்ணினேன். ஐந்தில் கிளிப்பைப் பிடுங்கினேன்.

"ஹிடுப்" என்றார் ரொஸ்லான்,
உயிர் இருக்கு என்று,
ஈயத்துக்குத் திரும்பிக்கொண்டார்.

நாளை எட்டேகால்வரை தண்ணீர் நிற்கும்.
துளைக்கு ஒரு துண்டு நைலான் வலை கட்டவேண்டும்.
அவனுக்குச் சொல்லலாம் என்று கைபேசியை எடுத்தேன்.
விரலெல்லாம் எண்ணெய், திரைக்கு
என்னை அடையாளம் தெரியவில்லை.
துடைக்காமல் உள்ளே போட்டேன்.

காலையில் வாங்கிய நாசி லெமாக்
வெயிலில் கிடந்து
இன்னும் சூடாகத்தான் இருந்தது.