ஒற்றைச் சக்கர வண்டி

செவ்வாய்க்கிழமை இரவுகளில்
தீயணைப்புக் கொட்டகையில் கூடுகிறோம்.
வண்டியை வெளியே தள்ளிவிட்டு
அது நின்ற இடத்தில் நாற்காலி போடுகிறோம்.
டீசல் வாசம் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

சிலியின் தென்கரையில் சின்னக் குடா எங்களுடையது.
யெசெனியா பகலில் ஆலையில் நண்டு ஓடு உடைப்பவள்,
இரவில் சொல்லித்தருகிறாள்:
நிற்க முடியாதபடி தரை குலுங்கினால்
சங்கு ஊதட்டும் என்று காத்திருக்காதே.
எரிவாயு உருளையை வலப்பக்கம் திருகி மூடு.
செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வை,
முதல் அடி கண்ணாடிச் சில்லின் மேல்தான் விழும்.
கடல் வந்துசேர, கணக்குப்படி, பதினொரு நிமிடம்.

மாத்திரை, தண்ணீர், விசில்,
ஆவணங்களின் நகல்.
ரொசெந்தோவின் இறப்புச் சான்றிதழைப் பையில் வைத்தேன்.
எடுத்தேன்.
மறுபடி வைத்தேன்.
ஆளைத் தின்ற கடலுக்கு
அந்தக் காகிதத்தையும் கொடுப்பானேன்.

மே மாதம் ஒத்திகை. மழை.
கல்லறை மேடுவரை ஏற வேண்டும்.
என் வலது முழங்காலுக்குப் பதினான்கு நிமிடம் ஆனது.
யெசெனியா கடிகாரத்தைப் பார்த்தாள்,
என்னைப் பார்க்கவில்லை.
மூன்று நிமிடத்தில் ஒரு முட்டை
அரைவேக்காடு ஆகும்.

அடுத்த வாரம் சுவரில் வரைபடம்.
வீட்டுக்கு ஒரு குண்டூசி.
ஏற முடியாதவர்களுக்குச் சிவப்பு.
சிவப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை
அவரைக் கொண்டுபோக வேண்டும்.
என் பச்சை
எலியோதோரோ.

ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.
கடற்பாசி வளரும் பாறை ஒன்று, யாருடையது என்பதில்
இரண்டு வக்கீல்கள், ஒரு செத்த நாய்.
வேறு ஊசியே இல்லையா என்றேன்.
அளந்துதான் குத்தினேன் என்றாள்.
அளவுகோலுக்குப் பகை தெரியாது.

அவன் கொண்டுவந்தது
பாசி சுமக்கும் ஒற்றைச் சக்கர வண்டி.
உள்ளே கோணி விரித்திருந்தான்.
அதைத் துவைத்திருந்தான் என்பதை
நான் கவனிக்காததுபோல் நின்றேன்.
உட்காரச் சொன்னார்கள்.
நாற்பது வருடம் ஈரப்பாசியை இழுத்துக் கரைசேர்த்த உடம்பு இது,
மூட்டையா நான்?
எல்லாரும் பார்க்க நொண்டி நொண்டி வீட்டுக்கு நடந்தேன்.

மற்றதெல்லாம் வந்தது.
பீறிடும் இரத்தத்தை அழுத்தி நிறுத்த,
போர்வையைத் தூளியாக்க,
வாக்கி-டாக்கியில் நாலு வார்த்தைக்குள் பேச.
இது ஒன்றுதான் வரவில்லை:
கால்களைத் தரையிலிருந்து எடுப்பது.

ஆகஸ்டில், மணி மூன்று இருபது.
முதலில் தட்டுகள் பேசின. பிறகு சுவர்.
செருப்பு வைத்த இடத்தில் இருந்தது.
உருளை, வலப்பக்கம்.
பை.
கதவைத் திறந்தால்
அந்தக் குளிரில் உள்சட்டையோடு,
நெற்றியில் விளக்கோடு,
வண்டியின் பிடிகளை விடாமல் அவன்.
எதுவும் கேட்கவில்லை.
உட்கார்ந்தேன்.

ஏற்றத்தில் அவன் மூச்சு என் பிடரியில் அடித்தது.
இரண்டாவது வளைவில் சக்கரம் சேற்றில் இறங்க
ரொட்டிக்கடைப் பையன்கள் இருவர்
ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள்.
எனக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது.
நிமிடங்களை உரக்க எண்ணினேன்.
கல்லறை வாசலில்
ஒன்பது என்றேன், கிட்டத்தட்டக் கத்தி.

அன்று தெருவுக்கு வந்தது முழங்காலளவுத் தண்ணீர்தான்.
இரண்டு படகு, ஒரு கோழிக்கூடு,
அந்தப் பாறையின் பாசி முழுக்க
வழித்துக்கொண்டு போயிருந்தது.
விடிந்ததும் மேலிருந்து பார்த்தோம்.
மொட்டையாக நின்றது.
"உன்னுடையதுதான்" என்றான்.
"வேண்டாம், நீயே வைத்துக்கொள்" என்றேன்.

யெசெனியா விரல் நீட்டித்
தலைகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.
எங்களிடம் அந்த விரல் நிற்கக்கூட இல்லை.
நூற்றுப் பத்து,
நூற்றுப் பதினொன்று.