ஒத்தைக்கு இந்தியில் என்ன

சயான் ஆஸ்பத்திரி, ஒன்பதாம் நம்பர் அறை.
தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமென்று
மருந்துக் கவுண்ட்டரிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.
மாத்திரை எண்ணும் தட்டைக் கீழே வைக்காமலே போனேன்.

பேர் கேட்டார் டாக்டர்.
"சங்கிலிபூதத்தான்."
பேனா நின்றது.
"ஓ, பூத் பயமா?"
அது சாமி பேருங்க, இவருக்கு வைத்தது என்றேன்.
சங்கர் என்று எழுதிக்கொண்டார்.

வடாலாவில் பாதியில் நின்றுபோன
முப்பது மாடிக்கு இரவுக் காவல்.
லிஃப்ட் வராத லிஃப்ட் குழிகள்,
காற்றடித்தால் தார்ப்பாய் தனக்குத்தானே பேசும்.
அங்கேதான் பயமா என்றேன்.
"அங்க என்ன பயம் தாயி,
அங்கதான் யாருமே இல்லியே."

பிறகு எங்கே?

"காலைல எட்டு மணிக்கு ரூமுக்கு வருவேன்.
ஏழு பேர் கெடக்க ரூமு.
ஆறு பாயும் சுருட்டியிருக்கும்.
யாரோ வச்ச தம்ளர்ல பாதி டீ, ஆடை கட்டி.
நிறுத்த மறந்த ஃபேன் யாருக்கோ சுத்தும்.
அப்பந்தான் பக்குங்கும்."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.
அகேலா இருக்கப் பயம் என்கிறார், என்றேன்.
அந்த ஒரு சொல் அவருக்கும் புரிந்துவிட்டது.
"அகேலா இல்ல. தனியாத்தான் ராத்திரி பூரா இருக்கேனே.
தனியா இருக்கது வேற,
ஒத்தைல கெடக்கது வேற.
நீயே சொல்லேன் அவருகிட்ட."

நான் எதைச் சொல்ல.
தாராவியில் பிறந்து இருபத்தாறு வருஷம்
இரண்டு மொழியிலும் சண்டை போட்டவள்.
ஒத்தைக்கு இந்தியில் என்ன?
பக் என்பதற்கு?
நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.
ஈசிஜி எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஈசிஜி சுத்தமாக இருந்தது.
மறுபடி அதே நாற்காலி, அதே தாள்.
யாரும் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் உண்டா,
ஆம், இல்லை, சில சமயம்.
கேட்டேன்.
ரொம்ப நேரம் செருப்பின் வாரைப் பார்த்தார்.
"அது பயமில்ல தாயி.
அது நடந்தாச்சு."

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.
இல்லை, என்றேன்.
பொய் சொன்னேனா, மொழிபெயர்த்தேனா,
இன்னும் தெரியவில்லை.

சீட்டு என் கவுண்ட்டருக்கே வந்தது.
தினம் ஒன்று, இரவில், பதினைந்து நாள்.
இரவை அடித்துவிட்டு உறையில் எழுதினேன்:
காலை, ரூமுக்கு வந்ததும்.
எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்,
"ஒத்தையாப் போடணுமா, சோடியாவா?"

ஒத்தையாத்தான்.
சொல்லும்போது நாக்கு ஒரு கணம் தடுக்கியது.

பத்து ஒரு அட்டை. மிச்சம் ஐந்தைக் கத்தரித்தபோது
ஜோடி ஜோடியாக இரண்டு வரிசை போக
ஒன்று மட்டும் ஓரத்தில் துருத்தி நின்றது.
அதன் பக்கத்து மாத்திரையையும் சேர்த்து வெட்டினேன்.

சாயங்காலக் கணக்கில் ஒன்று குறையும்.
குறையட்டும்.